வென்றவர் ஒருவர், கிண்ணம் வேறொருவருக்கு: கார் பந்தய வீரர் வெண்டல் ஸ்காட்டின் வாழ்க்கை

பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் போய் வருகிறவர்களுக்கு இயந்திரச் சத்தம் புதிதல்ல. ஒரு காலத்தில் இந்தச் சாலையில் ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. ஆலை போய், கடைத்தொகுதிகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. ஆனாலும் மாலை வேளையில் பாடாங் பிரவுன் பக்கம் தேநீர் குடிக்க உட்கார்ந்தால், பக்கத்து மேசையில் யாராவது கார் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பழைய புரோட்டோன் சாகாவை எப்படி வேகமாக ஓட வைப்பது, எந்தப் பட்டறைக்காரரின் கை சுத்தம், செப்பாங்கில் அடுத்த பந்தயம் எப்போது என்று பேச்சு நீண்டுகொண்டே போகும்.

நம் குடும்பங்களிலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய தாத்தா, பால் லோரி ஓட்டிய பெரியப்பா, டாக்சி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மாமா. போனட்டைத் திறக்காமலேயே, சத்தத்தைக் கேட்டுக் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் கையில் சான்றிதழ் கிடையாது. பேர் சொல்ல ஒரு பட்டறையாவது இருந்தால் அதுவே பெரிது.

அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஒரு மனிதர் இருந்தார். டாக்சி ஓட்டினார், பட்டறை வைத்தார், கள்ளச் சாராயம் கடத்தினார், கடைசியில் அந்த நாட்டின் மிகப் பெரிய கார் பந்தயத்தில் வெற்றியும் பெற்றார். ஆனால் அவர் வென்ற அன்று வெற்றிக் கிண்ணத்தை வேறொருவர் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கடன் தீர 58 ஆண்டுகள் ஆயின. அவர் பெயர் வெண்டல் ஸ்காட்.

ஆலை வேண்டாம் என்று சொன்ன பையன்

வெண்டல் ஸ்காட் 1921 ஆகஸ்டு 29-ஆம் நாள் விர்ஜினியா மாநிலத்தின் டான்வில் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அது பஞ்சாலைக்கும் புகையிலைக்கும் பேர் போன ஊர். ஊரில் பிறந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் ஆலைதான். அதிலும் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது அடிமட்ட வேலை. தோட்டத்தில் பிறந்தவன் பால் வாளியைத்தான் தூக்க வேண்டும் என்றிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெண்டலின் தந்தை வசதியான வெள்ளையர் வீடுகளில் காரோட்டியாகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். துணிச்சலாக வண்டி ஓட்டுவார் என்று ஊரில் அவருக்குப் பெயர். கார்களை அக்கக்காகக் கழற்றிப் பூட்டும் கலையைத் தந்தையிடமிருந்துதான் பையன் பார்த்துப் பழகினார். பெற்றோர் பிரிந்த பிறகு குடும்பம் சில காலம் வேறு நகரங்களில் அலைந்துவிட்டு மீண்டும் டான்வில்லுக்கே வந்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வெண்டல் டாக்சி ஓட்டப் போனார்.

ஆலையிலும் புகையிலைக் கிடங்கிலும் கூலிக்கு நிற்பதில்லை என்பதில் அவர் சிறு வயதிலேயே உறுதியாக இருந்தார். மேலே ஒரு மேலாளர் நின்று விரட்ட, கீழே நின்று உழைக்கும் வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. தன் கைத்தொழிலை நம்பித் தன் விருப்பப்படி வாழவே விரும்பினார்.

1943-இல் மேரி என்பவரை மணந்தார். பின்னாளில் ஏழு பிள்ளைகள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் பணியாற்றினார். வெள்ளையருக்குத் தனிப் படை, கறுப்பினத்தவருக்குத் தனிப் படை என்று பிரித்து வைத்திருந்த இராணுவம் அது. அங்கும் அவருக்கு வாகனங்களைப் பழுதுபார்க்கும் வேலைதான். போர் முடிந்து ஊர் திரும்பியவர், ஒரு கார் பட்டறையைத் திறந்தார்.

சம்சு வண்டியும் போலீஸ் விரட்டலும்

பட்டறை வருமானம் மட்டும் குடும்பத்துக்குப் போதவில்லை. விர்ஜினியா மலைப் பகுதிகளில் வரி கட்டாமல் இரகசியமாகச் சாராயம் காய்ச்சுவது அப்போது ஒரு பெருந்தொழில். நம்மூரில் கள்ளச் சம்சு என்றால் எல்லாருக்கும் புரியும். காய்ச்சுகிறவர் காட்டுக்குள் இருப்பார். அதை இரவோடு இரவாக ஊருக்குள் கொண்டு வந்து சேர்க்க வேகமாக ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலையில் வெண்டல் இறங்கினார்.

சாராயம் கடத்தும் கார் வெளியே பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்க வேண்டும். உள்ளே இயந்திரம் மட்டும் போலீஸ் காரைவிட வேகமாக ஓட வேண்டும். நிறைய பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் இருக்கும்படி சுருள்வில்லை மாற்ற வேண்டும். இதையெல்லாம் அவரே செய்தார். டான்வில் போலீசார் பல முறை விரட்டினார்கள். 1949-இல் ஒரு முறைதான் அகப்பட்டார். நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. அவர் தொழிலை விடவும் இல்லை.

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம் பிறந்ததே இந்தச் சாராயக் கடத்தல்காரர்களால்தான் என்று சொல்லலாம். ஸ்டாக் கார் என்பது பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த கார் அல்ல. கடையில் வாங்கும் சாதாரணக் காரைப் பிரித்துப் பலப்படுத்தி ஓட்டுவது. வார நாளில் போலீசிடமிருந்து தப்பியவர்கள், வார இறுதியில் மண் தடத்தில் யார் கார் வேகம் என்று பந்தயம் வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. 1948-இல் பில் பிரான்ஸ் என்பவர் இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்தி நாஸ்கார் என்ற அமைப்பைத் தொடங்கினார். அது தவிர வட்டாரம் வட்டாரமாகச் சிறிய பந்தய அமைப்புகளும் இருந்தன.

டான்வில் திருவிழாத் திடலிலும் ஒரு பந்தயத் தடம் இருந்தது. வெண்டல் அங்கே பார்வையாளராகப் போவார். கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பகுதியில்தான் உட்கார முடியும். அங்கிருந்து பார்த்தபோது, அன்றாடம் தான் செய்துகொண்டிருப்பதைத்தான் அவர்களும் செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. ஒரே வித்தியாசம், பின்னால் போலீஸ் இல்லை.

கூட்டம் சேர்க்கக் கூப்பிட்ட ஆள்

1952-இல் அந்த வட்டாரத்தில் பந்தயம் நடத்தி வந்த டிக்சி சர்க்கியூட் என்ற அமைப்புக்குக் கூட்டம் குறைந்தது. ஒரு கறுப்பின ஓட்டுநரை இறக்கினால் வேடிக்கை பார்க்கவாவது ஆட்கள் வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்தார்கள். வேகமாக ஓட்டக்கூடிய கறுப்பினத்தவர் ஊரில் யார் என்று அவர்கள் விசாரித்தது போலீசாரிடம். போலீசாருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பல இரவுகள் அவர் காரின் பின்விளக்கைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு காட்சிப் பொருளாகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். மே 23-ஆம் நாள் டான்வில் தடத்தில் அவர் முதல் முறையாக ஓடினார். கூட்டத்தில் சிலர் ஊளையிட்டார்கள். அவருடைய கார் பாதியிலேயே பழுதானது. ஆனால் தடத்தில் இறங்கிய அந்தச் சில நிமிடங்களிலேயே, இதுதான் தனக்கான தொழில் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

உடனே காரைச் சரி செய்து, பக்கத்து மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்ற ஊரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருடைய தோலைப் பார்த்ததும் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அடுத்து ஹைபாயிண்ட் என்ற ஊருக்குப் போனார். அங்கும் அதே பதில்; காரை வேண்டுமானால் ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் கொடுத்து ஓட்டச் சொல்லலாம் என்றார்கள். கார் நல்ல கார், ஆனால் ஓட்டுகிறவன் ஆகாது. என் காரை எந்த வெள்ளைக்காரப் பையனும் ஓட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, அவர் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

தோட்டத்தில் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, தண்ணீர்க் குழாய் தனி, கழிவறை தனி. உணவுக் கடையில் முன்வாசல் வழியாக நுழைய முடியாது. அப்படிப்பட்ட நாட்டில்தான் ஒரு கறுப்பினத்தவர், வெள்ளைக்காரர்கள் மட்டுமே ஓடிய தடத்தில் அவர்களை முந்தப் புறப்பட்டார்.

கதவில்லாத பக்கம் நுழைந்த விதம்

நாஸ்கார் விடவில்லை என்றதும் அவர் சிறிய வட்டாரப் பந்தயங்களுக்குப் போனார். ஓடத் தொடங்கிய 12-ஆவது நாளே லிஞ்ச்பர்க் நகரில் ஒரு சிறு பந்தயத்தில் வென்றார். அதன் பிறகு விர்ஜினியாவின் மண் தடங்களில் வாரத்தில் பல இரவுகள் ஓடினார். பகலில் பட்டறை, இரவில் பந்தயம். மறுநாள் விடிந்தால் இடிபட்ட காரைத் தட்டி நிமிர்த்தும் வேலை.

வேண்டுமென்றே அவர் காரை இடித்துத் தள்ளிய ஓட்டுநர்கள் இருந்தார்கள். அவர் திருப்பி இடிப்பதில்லை. தான் ஒரு வெள்ளைக்காரரை இடித்தால் பார்வையாளர் கூட்டமே தன் மேல் பாயும் என்பது அவருக்குத் தெரியும். அதோடு கார் உடைந்தால் அதைச் சரிசெய்யும் பணமும் அவர் பையிலிருந்துதான் போக வேண்டும். காலப்போக்கில், அவருடைய திறமையையும் பொறுமையையும் பார்த்துச் சில வெள்ளைக்கார ஓட்டுநர்களே நண்பர்கள் ஆனார்கள். ஏர்ல் புரூக்ஸ் என்ற ஓட்டுநர் அவர்களில் நெருக்கமானவர். கூட்டத்தில் யாராவது வம்புக்கு வந்தால் பக்கத்தில் வந்து நின்றவர்களும் உண்டு.

நாஸ்கார் உரிமம் அவருக்குக் கிடைத்த விதத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. தலைமையகத்துக்கு மனு எழுதினால் குப்பைக் கூடைக்குத்தான் போகும் என்று அவர் கணக்குப் போட்டார். அதனால் ரிச்மண்ட் நகரில் நடந்த ஓர் உள்ளூர் பந்தயத்துக்குக் காரை இழுத்துக்கொண்டு போய், அங்கே பகுதி நேரப் பொறுப்பில் இருந்த மைக் போஸ்டன் என்ற அதிகாரியை நேரில் பார்த்தார். போஸ்டன் பெரிய பதவியில் இருந்தவர் அல்ல. ஆனால் உரிமம் வழங்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. இதுவரை கறுப்பினத்தவர் யாரும் ஓடியதில்லை, உங்களை இடித்து நசுக்குவார்கள் என்று அவர் எச்சரித்தார். தாங்கிக்கொள்வேன் என்றார் வெண்டல். போஸ்டன் கையெழுத்துப் போட்டார்.

இப்படி 1953-இல் நாஸ்கார் உரிமம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார் வெண்டல் ஸ்காட். தலைமையகத்துக்கு அது பிடிக்கவில்லை என்று போஸ்டனே பிறகு அவரிடம் தெரிவித்தார். ஆனால் கொடுத்த உரிமத்தை யாரும் பிடுங்கவில்லை.

மறு ஆண்டு ஒரு பந்தய ஏற்பாட்டாளர் வெள்ளைக்கார ஓட்டுநர்களுக்கு எண்ணெய்க் காசு கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் மறுத்தார். வெண்டல் நேராக நாஸ்கார் தலைவர் பில் பிரான்சைப் பார்த்து முறையிட்டார். பிரான்ஸ் தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து, இனி நிறத்தைப் பார்த்து நடத்த மாட்டோம் என்று உறுதி சொன்னார். அந்த உறுதி எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1959-ஆம் ஆண்டு அவருக்கு நல்ல ஆண்டு. இரண்டாம் நிலைப் பிரிவான ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் அந்த ஒரே ஆண்டில் 22 பந்தயங்களில் வென்றார். ரிச்மண்ட் சவுத்சைட் தடத்தின் வெற்றியாளர் பட்டமும் விர்ஜினியா மாநில வெற்றியாளர் பட்டமும் அவருக்கே கிடைத்தன. வட்டாரத்தில் இனி அவர் நிரூபிக்க ஒன்றும் மிச்சமில்லை.

குடும்பமே பந்தயக் குழு

1961 மார்ச் 4-ஆம் நாள் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் தடத்தில் அவர் நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 39. மற்ற வீரர்கள் பந்தயத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் வயதில் அவர் தொடங்கினார்.

உச்சப் பிரிவில் பெரிய கார் நிறுவனங்களின் பணம் புழங்கியது. முன்னணி ஓட்டுநர்களுக்குப் புதுக் கார், புது இயந்திரம், புது டயர், சம்பளம் வாங்கும் மெக்கானிக் குழு எல்லாம் கிடைத்தன. வெண்டலுக்கு இவை எதுவும் இல்லை. மற்றவர்கள் ஓட்டிக் கழித்த காரை வாங்குவார். பணக்காரக் குழுக்கள் கழற்றிப் போட்ட டயரை வாங்கி மாட்டுவார். அவரே முதலாளி, அவரே மெக்கானிக், அவரே ஓட்டுநர். பந்தய ஊருக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போவதும் அவரே.

குழு என்றால் குடும்பம்தான். வெண்டல் ஜூனியர், பிராங்க் ஆகிய மகன்கள் பள்ளி வயதிலேயே டயர் மாற்றவும் எண்ணெய் ஊற்றவும் கற்றுக்கொண்டார்கள். மேரி சாப்பாடு கட்டிக் கொடுப்பார். வழியில் உணவுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, விடுதியில் படுக்க இடம் தரமாட்டார்கள். அதனால் இரவெல்லாம் வண்டி ஓட்டிப் போவதும் வண்டியிலேயே தூங்குவதும் வழக்கமாகிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பழைய காரில் குடும்பமே நெருக்கியடித்து, மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு பயணம் செய்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். அவர்களுக்கு வருடம் முழுவதும் அப்படித்தான்.

தடத்தில் இறங்கிவிட்டால் வேறு கவலை. இயந்திரம் வெடித்தால் புதிது வாங்கக் காசில்லை. அதனால் முழு வேகத்தில் ஓட்டி முதலிடத்துக்குப் போராடுவதா, இயந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டு பத்துக்குள் வந்து கிடைக்கும் பரிசுப் பணத்தில் அடுத்த வாரம் ஓடுவதா என்று ஒவ்வொரு பந்தயத்திலும் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் பெரும்பாலும் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். வெற்றிகள் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இருந்தும் 1962-இல் சவானா நகரில் தகுதிச் சுற்றில் எல்லாரையும்விட வேகமாக ஓடி, முதல் வரிசையின் முதல் இடத்தில் நின்று தொடங்கினார்.

1963 டிசம்பர் 1

அந்த ஆண்டு அமெரிக்காவே கொதித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் வெண்டலின் சொந்த ஊரான டான்வில்லில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீசார் தடியால் அடித்தும் தண்ணீரைப் பீய்ச்சியும் விரட்டினார்கள். ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் இலட்சக்கணக்கான மக்கள் முன் பேசினார். செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் வெடிகுண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். நவம்பர் 22-இல் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிந்திய ஒன்பதாம் நாள், புளோரிடா மாநிலத்தின் ஜேக்சன்வில் நகரில் ஒரு பந்தயம்.

அரை மைல் நீள மண் தடம். 200 சுற்றுகள், மொத்தம் 100 மைல். வெண்டல் ஓட்டியது 34-ஆம் எண் செவர்லே. அதுவும் நெட் ஜாரட் என்ற முன்னணி ஓட்டுநரிடமிருந்து வாங்கிய பழைய கார். தடம் குண்டும் குழியுமாகப் பெயர்ந்து, பெரிய குழுக்களின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திணறின. கரடுமுரடான பாதையில் காரைக் காப்பாற்றி ஓட்டுவது வெண்டலுக்குக் கைவந்த கலை. இன்னும் 25 சுற்றுகள் இருந்தபோது, கோளாறில் தவித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரை முந்தி முதலிடத்துக்கு வந்தார். பெட்டி பிற்காலத்தில் நாஸ்காரின் மன்னர் என்றே பெயர் பெற்றவர்.

அந்தக் காலத்தில் கணினி கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஒருவர் உட்கார்ந்து, கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அட்டையில் கையால் குறித்துக்கொள்வார். வெண்டல் 200-ஆவது சுற்றை முடித்தார். முடிவைக் காட்டும் கட்டம் போட்ட கொடி அசையவில்லை. 201-ஆவது சுற்றும் ஓடினார், 202-உம் ஓடினார். பிறகு கொடி அசைந்தது, அவருக்கு இரண்டு சுற்றுகள் பின்னால் இருந்த பக் பேக்கர் என்ற ஓட்டுநருக்கு.

பேக்கர் வெற்றி மேடைக்குப் போனார். கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தார். அழகு ராணி முத்தம் கொடுத்தார், படம் எடுத்தார்கள், கூட்டம் கைதட்டியது. வெண்டல் தானே வென்றவர் என்று அதிகாரிகளிடம் முறையிட்டார். அட்டைகளைச் சரிபார்க்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். சரிபார்க்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் பார்வையாளர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிண்ணமும் பேக்கரோடு போய்விட்டது. வெளிச்சம் அடங்கிய திடலில் அதிகாரிகள், வென்றது ஸ்காட்தான், எண்ணியதில் தவறு நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, வெற்றியாளருக்குரிய 1,000 டாலரைக் கொடுத்தார்கள்.

எண்ணிக்கைத் தவறு என்பதை வெண்டலோ அவர் குடும்பமோ கடைசி வரை நம்பவில்லை. ஒரு கறுப்பின ஆண் மேடையில் நின்று வெள்ளைக்கார அழகு ராணியிடம் முத்தம் வாங்குவதை அந்தக் கூட்டம் பார்க்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்பது அவர்கள் எண்ணம். பணம் வந்தது, பதிவேட்டிலும் பெயர் ஏறியது. ஆனால் வெற்றி என்பது நாலு பேர் முன்னால் கொடுக்கப்படுவது. அந்த நாலு பேர் போன பிறகு கொடுத்தார்கள்.

495 பந்தயங்கள்

அவருடைய வாழ்க்கையில் உச்சப் பிரிவில் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். அதற்குப் பிறகும் அவர் ஓடிக்கொண்டே இருந்தார். சில தடங்கள் அவரைப் பல ஆண்டுகள் உள்ளே விடவே இல்லை. தென் கரோலினாவின் புகழ்பெற்ற டார்லிங்டன் தடம் அவற்றில் ஒன்று. பெரிய நிறுவனம் எதுவும் அவரை முழுமையாக ஆதரிக்க முன்வரவில்லை. பில் பிரான்ஸ் சொன்ன உறுதி இந்த இடங்களுக்கு வந்து சேரவில்லை.

ஆனாலும் எண்ணிக்கையைப் பாருங்கள். 1961 முதல் 1973 வரை 495 பந்தயங்கள். அதில் 147 முறை முதல் பத்து இடங்களுக்குள், 20 முறை முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தார். 1966-ஆம் ஆண்டின் மொத்தப் புள்ளிப் பட்டியலில் ஆறாவது இடம். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் முதல் பத்துக்குள்தான் இருந்தார். கழித்துப் போட்ட டயரிலும் கைமாறிய காரிலும் ஓடி எடுத்த இடங்கள் இவை.

தன் திறமைக்கு ஏற்ற ஒரு நல்ல கார் வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. 1973-இல் கடன் வாங்கி ஒரு மெர்குரி காரை வாங்கினார். மே 6-ஆம் நாள் அலபாமாவின் டல்லடேகா தடத்தில் அதை ஓட்டினார். அது நாஸ்காரின் மிகப் பெரிய, மிக வேகமான தடம். பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு காரின் இயந்திரம் வெடித்து எண்ணெய் கொட்டியது. 20-க்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதின. வெண்டலின் இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. கடன் வாங்கிய கார் இரும்புக் குவியலானது.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவர் செய்த வேலை, அதே ஆண்டு அக்டோபரில் சார்லட் நகரில் மீண்டும் ஒரு பந்தயம் ஓடியதுதான். 12-ஆவது இடத்தில் முடித்தார். அதோடு உச்சப் பிரிவுக்கு விடை கொடுத்தார். மருத்துவமனைப் படுக்கையில் தன் பந்தய வாழ்க்கை முடிந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பியவர்

அதற்குப் பிறகு அவர் டான்வில்லில் தன் பட்டறையிலேயே வேலை பார்த்தார். 1977-இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி ஹாலிவுட்டில் கிரீஸ்டு லைட்னிங் என்ற படம் வந்தது. புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் பிரையர் வெண்டலாக நடித்தார். திரையில் அவருடைய பெயர் உலகம் சுற்றியபோது, அவர் அதே ஊரில் அதே எண்ணெய்க் கறை படிந்த கையோடு கார்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

1990 டிசம்பர் 23-ஆம் நாள், 69-ஆவது வயதில் முதுகுத்தண்டுப் புற்றுநோயால் காலமானார். ஜேக்சன்வில் கிண்ணம் அப்போதும் அவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

பிள்ளைகள் விடவில்லை. ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2010-இல் ஜேக்சன்வில் பந்தய ஆர்வலர்கள் தங்கள் சார்பில் ஒரு கிண்ணத்தைச் செய்து குடும்பத்துக்கு வழங்கினார்கள். 2015 ஜனவரியில் நாஸ்கார் தன் புகழ்வீரர் மண்டபத்தில் வெண்டல் ஸ்காட்டைச் சேர்த்தது. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 2021 ஆகஸ்டு 28-ஆம் நாள், அவருடைய நூறாவது பிறந்த நாளுக்கு முதல் நாள், டேடோனா தடத்தில் பந்தயம் தொடங்குவதற்கு முன் கூட்டத்தின் நடுவே நாஸ்கார் அந்த வெற்றிக் கிண்ணத்தை அவர் குடும்பத்திடம் கொடுத்தது. 1963-இல் அப்பாவின் காருக்கு டயர் மாற்றிய பிள்ளைகள் முதியவர்களாகி அதை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு ஒரு மாதத்துக்குப் பின், அக்டோபர் 4-ஆம் நாள், பப்பா வாலஸ் என்ற இளைஞர் நாஸ்காரின் உச்சப் பிரிவில் வென்றார். வெண்டலுக்குப் பிறகு அங்கே வென்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். அவர் வென்ற தடம், வெண்டலின் எலும்புகளை முறித்த அதே டல்லடேகா.

நம்மவர் ஒருவரும் அந்தத் தடத்தில்

இந்தக் கதையில் தமிழர்களுக்கு ஒரு சிறிய ஒட்டு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். அந்த ஆண்டு நம் செப்பாங்கில் ஜோர்டன் காரில் 11-ஆவதாக முடித்தார். அதே நரேன் 2010-இல் அமெரிக்கா போய் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓடினார். அவர் முதலில் இறங்கிய தடம் விர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்வில். வெண்டல் ஸ்காட் பிறந்த டான்வில்லிலிருந்து அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம்தான். பட்டர்வொர்த்திலிருந்து தைப்பிங்குக்குப் போவதைவிடக் குறைவு.

நரேன் 13-ஆவதாக வந்தார். அந்த ஆண்டு அப்பிரிவின் இரசிகர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 58 ஆண்டுகளுக்கு முன், அதே வட்டாரத்தில் ஒரு கறுத்த மனிதர் காரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஓட்டக் கூடாது என்ற பதிலோடு திரும்பியிருந்தார். அவர் திரும்பாமல் இருந்ததால்தான் வழி கொஞ்சம் அகலமானது என்று சொன்னால் தவறில்லை.

டத்தோ கிராமாட்டில் இன்று இரவும் ஏதோ ஒரு பட்டறையில் விளக்கு எரியும். படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் திட்டு வாங்கிய ஒரு பையன் காருக்கு அடியில் படுத்திருப்பான். அவனுக்குக் கை வேகம் இருக்கிறதா என்பதை நாம் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. அவன் ஏதாவது ஒரு நாள் நன்றாகச் செய்து முடித்தால், கூட்டம் கலையும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். வெண்டல் ஸ்காட் 202 சுற்றுகள் ஓடினார். எண்ண வேண்டியவர்கள் எண்ணியிருந்தால் 200-லேயே முடிந்திருக்கும்.